கஞ்சாவும் வாக்குச்சீட்டும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தேனி மாவட்டத்துக் கம்பத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பதினெட்டு ஆண்டுகளாக ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் வசிக்கிறேன். 2024 நவம்பரில் அதிபர் தேர்தலோடு சேர்த்து, இருபத்தொரு வயது நிரம்பியவர்கள் மருத்துவக் காரணம் இல்லாமலே கஞ்சா வாங்கவும் வைத்திருக்கவும் வழிசெய்யும், மாநில அரசியலமைப்புக்கான 3-ஆம் திருத்தம் இங்கே வாக்குக்கு வந்தது. நான் 'வேண்டாம்' என்று வாக்களித்தேன். செவிலியராக வேலை பார்க்கும் என் மனைவி 'வேண்டும்' என்று வாக்களித்தார். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

எனக்குப் பதினாறு வயதில் மகன் இருக்கிறான். டாஸ்மாக் கடை வந்த பிறகு எங்கள் தெரு என்ன ஆனது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். அரசே கதவைத் திறந்துவிட்டால் பிள்ளைகளை எப்படித் தடுப்பது? நம் பண்பாட்டுக்கு ஒவ்வாத ஒன்றை நாமே கையெழுத்திட்டு வரவேற்கலாமா? இதே கேள்வி மறுபடி வாக்குக்கு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வரும் ஆகஸ்டில் என் அக்கா மகன் மேற்படிப்புக்காக இல்லினாய்க்கு வருகிறான். அங்கே இது ஏற்கெனவே சட்டபூர்வம் என்பதால் அக்காவும் கவலையில் இருக்கிறார்.

ந., டாம்பா

அன்புள்ள ந.,

நீங்கள் நேரடியாகக் கேட்டதால் நானும் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கு எனக்கு இருந்திருந்தால் 'வேண்டும்' என்றுதான் போட்டிருப்பேன். ஆனால் உங்கள் அச்சம் வீணானது என்று நான் நினைக்கவில்லை. அது பிழையான இடத்தில் போய் நின்றுவிட்டது என்றே நினைக்கிறேன்.

அந்தத் திருத்தத்துக்கு 55.9 விழுக்காடு வாக்காளர்கள் ஆதரவளித்தார்கள். ஃபுளோரிடாவில் அரசியலமைப்பைத் திருத்த 60 விழுக்காடு வேண்டும் என்பதால் அது தோற்றது. (அந்த 60 விழுக்காட்டு விதியே 2006-இல் 58-க்கும் குறைவான விழுக்காட்டு ஆதரவுடன்தான் நிறைவேறியது.) மருத்துவக் கஞ்சாவும் இப்படித்தான் 2014-இல் 57.6 விழுக்காடு பெற்றுத் தோற்றது. இரண்டே ஆண்டுகளில் 71 விழுக்காடு பெற்று வென்றது. ஆகவே இந்தக் கேள்வி உங்கள் வாசலுக்குத் திரும்பி வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

அந்த வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. கஞ்சா வைத்திருந்த ஒரு மனிதரைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பலாமா என்பது ஒன்று. அதை யார், எப்படி, எவ்வளவு வீரியத்தில், எவ்வளவு விளம்பரத்தோடு விற்கலாம் என்பது மற்றொன்று. உங்கள் கடிதம் முழுவதும் இரண்டாவது கேள்வியைப் பற்றியது. உங்கள் வாக்கோ முதல் கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டது.

முதல் கேள்வியை உங்கள் ஊரிலேயே வைத்துப் பாருங்கள். ஃபுளோரிடாவில் 20 கிராம் வரை கஞ்சா வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறையும் 1,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். 20 கிராமைத் தாண்டினால் அது பெருங்குற்றம். ஐந்தாண்டு வரை தண்டனை உண்டு. அதே ஊரில், மருத்துவரிடம் சான்று பெற்று, மாநில அரசுக்கு 75 டாலர் கட்டி அட்டை வாங்கியவர், பெரிய சாலையில் உள்ள கடைக்குள் நுழைந்து அதே பொருளை ரசீதோடு வாங்கிக்கொண்டு வருகிறார். அப்படிப் பதிவு செய்துகொண்டவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். எனவே கதவு திறந்துவிடும் என்று நீங்கள் அஞ்சும் கடை ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. அட்டைக்கும் மருத்துவருக்கும் செலவழிக்க முடிந்தவருக்கு அது கடை. முடியாதவருக்குக் காவல் வண்டி. அந்த வண்டியில் ஏற்றப்படுபவர்கள் யார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கஞ்சாவைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு 3.6 மடங்கு அதிகம் என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் (ACLU) 2020-இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. கைதான பதிவு வேலை தேடும்போதும் வாடகைக்கு வீடு கேட்கும்போதும் பின்னாலேயே வரும். கஞ்சா ஒருவரின் வாழ்க்கையைக் கெடுக்கலாம் என்பதற்காக அரசே முந்திக்கொண்டு அவர் வாழ்க்கையைக் கெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கம்பத்தில் வளர்ந்த உங்களுக்கு, கஞ்சா வழக்கில் சிக்கிய ஒரு வீட்டின் பெண்கள் கோர்ட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் அலையும் அலைச்சலை நான் விளக்க வேண்டியதில்லை.

பண்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கஞ்சா வெளியிலிருந்து நமக்கு வந்த பொருளன்று. பிரிட்டிஷ் அரசு 1893-94-இல் அமைத்த இந்தியக் கஞ்சாப் போதைப்பொருள் ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்தது. அளவான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, மிதமிஞ்சிய பயன்பாடே கேடு, ஆகவே முழுத்தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்று அது முடிவுசெய்தது. இன்றைய இந்தியச் சட்டம்கூட, 1985-இல் வந்தது, பூவையும் பிசினையும்தான் தடைசெய்கிறது. பூ கலவாத இலையை விட்டுவைத்திருக்கிறது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதில் நான் உங்களோடு நிற்கிறேன்.

2019 கோடையில் டென்வரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது அவர் என்னை ஒரு கஞ்சாக் கடைக்கு அழைத்துச் சென்றார். கொலராடோ வாக்காளர்கள் 2012-இல் 55 விழுக்காடு ஆதரவோடு இதை ஏற்று, 2014 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன. வாசலில் என் கடவுச்சீட்டைப் பார்த்தார்கள். உள்ளே கவுண்டரில் மறுபடியும் பார்த்தார்கள். கண்ணாடி ஜாடிகளில் பச்சை மொட்டுகள் இருந்தன, ஒவ்வொன்றின் மீதும் போதை தரும் டி.எச்.சி. எத்தனை விழுக்காடு என்ற எண்ணும் இருந்தது. பத்துத் துண்டுகள் கொண்ட ஒரு மிட்டாய்ப் பொதி. துண்டுக்கு 10 மில்லிகிராம், ஒவ்வொன்றிலும் ஒரு சாய்சதுர முத்திரை. கவுண்டரில் இருந்த இளைஞர் பொறுப்பானவர். முதன்முறை உண்பவர்கள் அரைத் துண்டோடு நிறுத்தி இரண்டு மணிநேரம் காத்திருக்க வேண்டும் என்று, நாங்கள் எதையும் வாங்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகும், பொறுமையாகச் சொன்னார். அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஓர் இறப்பு இருக்கிறது. கடைகள் திறந்த சில மாதங்களிலேயே, பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் கஞ்சா கலந்த பிஸ்கட்டில் சிறு துண்டைத் தின்று, ஒன்றும் ஆகவில்லையே என்று மிச்சத்தையும் தின்றுவிட்டு, விடுதி மாடியிலிருந்து விழுந்து இறந்தார். வயிற்றுக்குள் போன கஞ்சா தாமதமாகத்தான் வேலை செய்யும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பிரித்து அடையாளமிட வேண்டும் என்ற விதி அதற்குப் பின்னர்தான் வந்தது. கரடி உருவ மிட்டாய்களுக்கான தடை 2017-இல்தான் வந்தது.

நாங்கள் நின்றிருந்த நேரத்தில், வேலைச் சீருடையோடு ஒருவர் வந்தார். ஜாடியைத் திறந்து முகரவில்லை, எதையும் விசாரிக்கவில்லை. இருப்பதிலேயே எண் அதிகமான, விலை குறைவான பொருளைச் சொல்லி வாங்கிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் போய்விட்டார். அன்றாடம் வருபவர் என்று இளைஞர் சொன்னார். வாரக் கடைசியில் நண்பர்களோடு ஒரு முறை புகைப்பவரால் எந்தக் கடையும் நடக்காது. விற்பனையில் பெரும்பங்கு அன்றாடம் வாங்கும் சிலரிடமிருந்துதான் வருகிறது. 1990-களின் நடுவில் அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி. சுமார் 4 விழுக்காடு. இன்று கடையில் 20 விழுக்காட்டைத் தாண்டிய மொட்டுகள் சாதாரணம். கஞ்சாவிலிருந்து வடித்தெடுத்த மெழுகு போன்ற பொருள்களில் அது 60 முதல் 90 விழுக்காடு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வொன்று, வீரியம் மிகுந்த கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்துபவர்களுக்கு மனச்சிதைவு போன்ற உளநோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 2019-இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் காட்டியது. உங்கள் மகனைப் பற்றிய அச்சத்துக்கு உரிய இடம் இதுதான். அதே சமயம், சட்டபூர்வமாக்கினால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பழகிவிடுவார்கள் என்று சொல்லப்பட்டது கொலராடோவின் மாணவர் கணக்கெடுப்புகளில் மெய்ப்படவில்லை என்பதையும் நான் மறைக்கக் கூடாது.

விற்கும் முறையை நாடுகள் வெவ்வேறு விதமாக அமைத்திருக்கின்றன. ஜெர்மனி 2024 ஏப்ரலில் கஞ்சாவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. 25 கிராம் வரை கையில் வைத்திருக்கலாம், வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம், சங்கங்களில் சேர்ந்து பயிரிடலாம், ஆனால் கடை கிடையாது. உருகுவேயில் மருந்துக்கடையில், பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் அளந்து கொடுக்கிறார்கள். கனடாவில் உண்ணும் பொருளுக்கு ஒரு பொதிக்கே 10 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. டென்வரில் அது ஒரு துண்டின் அளவு. கியூபெக் மாகாணத்தில் அரசு நிறுவனம் மட்டுமே விற்கிறது.

அரசு விற்பனை என்றதும் உங்களுக்கு டாஸ்மாக் நினைவுக்கு வரும், எனக்கும் வருகிறது. 2003-இல் சில்லறை விற்பனையைத் தமிழக அரசு தன் கையில் எடுத்தது. இன்று அதில் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய். அந்தப் பணத்தை வைத்தே வரவு செலவுத் திட்டம் போடப் பழகிய அரசுக்குக் குடிப்பவர்கள் குறைவது இழப்பாகிவிடுகிறது. கியூபெக்கில் கடையும் அரசுடையதே. ஆனால் பிள்ளைகளைக் கவரும் இனிப்புகளை அது விற்பதில்லை, வாங்குவதற்கான வயதை 2020-இல் 21 ஆக உயர்த்தியது, லாபம் தடுப்புப் பணிகளுக்கும் ஆய்வுக்கும் போகிறது. உங்கள் தெருவில் நீங்கள் பார்த்த கேட்டுக்கு, விற்றவர் அரசு என்பது மட்டுமே காரணமன்று. அதிகம் விற்க வேண்டும் என்ற தேவை கடைக்கு இருந்ததே காரணம். ஃபுளோரிடாவில் அந்தத் தேவை தனியார் நிறுவனங்களுக்கு இருக்கும்.

3-ஆம் திருத்தத்தில் எனக்கு மனக்குறை இதனால்தான். அதன் பிரச்சாரத்துக்கு மிக அதிகமாக, 10 கோடி டாலருக்கும் மேல், செலவழித்தது ஏற்கெனவே மாநிலத்தில் மருத்துவக் கஞ்சா விற்கும் ட்ரூலீவ் நிறுவனம். வீட்டில் ஒரு செடி வளர்க்கும் உரிமைகூட அதில் இல்லை. முன்பு தண்டிக்கப்பட்டவர்களின் பதிவை அழிக்கும் வாசகமும் இல்லை. இருந்தும் 'வேண்டும்' என்பேன்; ஏனென்றால் வீரிய வரம்பையும் விளம்பரக் கட்டுப்பாட்டையும் திருத்தத்துக்கு முரணில்லாமல் சட்டமன்றம் பின்னர் கொண்டுவர அந்த வாசகம் இடம் வைத்திருந்தது, ஆனால் இன்று கைதாகிறவருக்கு அப்படிக் காத்திருக்கும் வசதி கிடையாது. அடுத்த முறை திருத்தத்தின் முழு வாசகத்தையும் நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். உரிமம் யாருக்கு, வீட்டுச் செடி உண்டா, பழைய வழக்குகள் என்ன ஆகும், வரிப்பணம் எங்கே போகும் என்று பாருங்கள். உரிமங்களை இருக்கும் நிறுவனங்களுக்கே என்றென்றைக்குமாக எழுதிக்கொடுத்து, சட்டமன்றத்தின் கையையும் கட்டிவிடும் ஒரு வாசகம் வந்தால், நானே 'வேண்டாம்' என்று போடுவேன்.

கடைசியாக, உங்கள் அக்கா மகன். இதை அவர் விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லினாயில் 2020 முதல் கஞ்சா வாங்கலாம் என்பது மாநிலச் சட்டம். விசாவையும் கிரீன் கார்டையும் குடியுரிமையையும் தீர்மானிப்பது அமெரிக்க ஒன்றிய அரசின் சட்டம், அந்தச் சட்டத்தில் கஞ்சா இன்னும் குற்றம்தான். 30 கிராமுக்கு உட்பட்டு, சொந்தப் பயனுக்காக ஒரே ஒரு முறை வைத்திருந்தது என்பதைத் தாண்டிய எந்தக் கஞ்சாத் தண்டனைக்காகவும் வெளிநாட்டவரை நாடுகடத்தலாம். வழக்கே இல்லாவிட்டாலும், பயன்படுத்தினேன் என்று எல்லையில் ஓர் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே நுழைவு மறுக்கப்படலாம். மாநிலச் சட்டப்படி நடக்கும் கஞ்சாக் கடையில் வேலை பார்த்ததுகூடக் குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தடையாகலாம் என்று குடிவரவுத் துறை 2019-இல் அறிவித்தது. உடன் படிக்கும் அமெரிக்க மாணவர் மாநிலச் சட்டப்படி செய்யும் ஒன்று உங்கள் அக்கா மகனின் படிப்பையே பறித்துவிடலாம். கைப்பேசியில் அதைப் பற்றிய படமோ செய்தியோ இருப்பதும் நல்லதில்லை. அக்காவிடம் சொல்லி அனுப்பாதீர்கள். நீங்களே அவரை அழைத்துப் பேசுங்கள்.

அன்புடன்.