ஈறு திடீரென்று புண்ணாகி, ரத்தம் கசிந்து, வாய் நாறுவது ஏன்?

“நாலு நாளாக ஈறெல்லாம் புண், பிரஷ் பட்டாலே உயிர் போகிறது. பல் டாக்டர் ‘நெக்ரோடைசிங் ஜிஞ்சிவைட்டிஸ்’ என்கிறார். அப்படியென்றால்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஈறுத் திசு செத்து உதிரும் நோய். சாதாரண ஈறு வீக்கம் பெரும்பாலும் வலிக்காது, இது வலிக்கும். கண்ணாடி முன் கீழுதட்டை இழுத்துப் பாருங்கள். முன்பற்களுக்கு நடுவே கூம்பாக நிற்க வேண்டிய ஈறு நுனி, நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல் குழிந்திருக்கும். மேலே சாம்பல் நிறப் படலம், துடைத்தால் ரத்தம். டாக்டர் நோயைக் கண்டுபிடிப்பதும் இதை வைத்துத்தான். எக்ஸ்ரே எலும்பு கரைந்திருக்கிறதா என்று பார்க்க மட்டுமே.

முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்கள் பலருக்கு வந்ததால் ‘டிரெஞ்ச் மவுத்’ (பதுங்குகுழி வாய்) என்று பெயர் வந்தது. ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொள்வதல்ல. ஏற்கெனவே வாயில் குடியிருக்கும் கிருமிகள்தான், உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து ஆடுகின்றன. சிகரெட், தூக்கமில்லாத பரீட்சை வாரம், சத்துக் குறைவு எல்லாம் சேர்ந்தால் போதும். வெளிப்படையான காரணம் இல்லையென்றால், உடம்பைத் தளர்த்துவது எச்ஐவியா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை அவசியம்; வெட்கப்பட வேண்டாம்.

சிகிச்சையில் முக்கியம் சுத்தம் செய்வது. மரத்துப்போகும் மருந்து தடவி மெதுவாக அழுக்கை எடுப்பார்கள். வலி அடங்கும்வரை குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொப்பளிப்பு, மென்மையான பிரஷ். காய்ச்சலோ கழுத்தில் நெறிக்கட்டியோ இருந்தால் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. அதைச் சாப்பிடும்போது மது கூடாது. இரண்டு மூன்று நாளில் வலி குறைந்துவிடும். பலர் அத்தோடு டாக்டரிடம் போவதை நிறுத்திவிடுகிறார்கள், பிறகு மறுபடி வருகிறது.