சிங்கத்திடமிருந்து ஒட்டகச்சிவிங்கி தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது?

வளர்ந்த ஒட்டகச்சிவிங்கியின் ஆயுதம் கால்தான். முன்னங்கால், பின்னங்கால் இரண்டாலும் உதைக்கும். சரியாகப் பட்டால் சிங்கத்தின் மண்டையே உடையும். அதனால் சிங்கங்கள் பெரும்பாலும் கூட்டமாகத்தான் வரும். கழுத்தைச் சுழற்றி அடிப்பது ஆண்களுக்குள் நடக்கும் சண்டையில். பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

உதைக்கும் முன்பே உயரம் கைகொடுக்கும். ஆண் 5 மீட்டரைத் தாண்டும், பார்வையும் கூர்மை. தூரத்தில் சிங்கம் தெரிந்தால் பல நேரம் ஓடாது, அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும். பதுங்கித் தாக்குகிற விலங்குக்கு அதுவே பாதித் தோல்வி. ஓடினால் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல்.

சிக்கல் தண்ணீர் குடிக்கும்போதுதான். முன்னங்கால்களை அகட்டிக் குனிந்தபின் சட்டென நிமிர்ந்து ஓடுவது கடினம். அப்புறம் குட்டிகள். தாய் அருகிலேயே நின்று உதைத்துப் போராடும். அப்படியும் பல இடங்களில் ஏறக்குறைய பாதிக் குட்டிகள் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை.