சுயபொறுப்பு பூஜ்யம் என்றால் ஆற்றில் இறங்கலாமா?

கேள்வி: ஜூலையில் ஐஸ்லாந்தில் பத்து நாள் சுற்றவிருக்கிறோம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாடகைக்கு எடுத்து, பாலமில்லாத ஆறுகளைக் கடந்து தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்குப் போக ஆசை. வண்டிக்குச் சேதம் நேர்ந்தால் அதிகபட்சமாக நாங்கள் கையிலிருந்து தரவேண்டிய சுயபொறுப்புத் தொகை 3,50,000 குரோனா என்றும், தினமும் கூடுதல் கட்டணம் செலுத்தினால் அது பூஜ்யமாகிவிடும் என்றும் வாடகை நிறுவனம் சொல்கிறது. அதை எடுத்துக்கொண்டால் ஆற்றில் என்ன ஆனாலும் கைக்காசு போகாது அல்லவா?

பதில்: போகும். அந்தப் பூஜ்யம், பாலிசி ஏற்றுக்கொள்ளும் சேதங்களுக்கு மட்டுமே பொருந்தும். பாலிசி ஏற்காத சேதத்துக்கு 3,50,000 என்ற வரம்புகூடக் கிடையாது, முழுத் தொகையும் உங்கள் தலையில்தான் விழும். ஐஸ்லாந்து வாடகை ஒப்பந்தங்களில், ஆற்றைக் கடக்கும்போது தண்ணீரால் விளையும் சேதம் ஏறத்தாழ எப்போதும் விலக்குப் பட்டியலில் இருக்கும். அடிப்பாகம் கல்லில் இடித்து உண்டாகும் சேதமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். விற்பவர் சுயபொறுப்புத் தொகையைத்தான் முதலில் பேசுவார் என்பதால், விலக்குப் பகுதி உங்கள் கண்ணில் படாததற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

தண்ணீரால் வரும் சேதம் என்பது இருக்கை நனைவதோடு முடிவதில்லை. காற்றை உறிஞ்சும் குழாய் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்தாலே போதும். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது என்பதால், மேலேறி வரும் பிஸ்டன் அதில் முட்டி, அதைத் தாங்கும் தண்டு வளைந்து, எஞ்சின் அந்த நொடியே பாழாகிவிடும். எஞ்சினின் விலை, மலைப்பகுதியிலிருந்து வண்டியை மீட்டு இழுத்து வரும் கூலி, பழுது பார்க்கும் நாட்களில் நிறுவனம் இழக்கும் வாடகை ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து வரும். மின்னணுப் பாகங்களும் மூழ்கிவிட்டால் வண்டியின் முழு மதிப்பையே கேட்கக்கூடும். கிரெடிட் கார்டோடு வரும் வாடகை வண்டிக் காப்பீட்டை நம்பியும் இறங்காதீர்கள்; செப்பனிடாத சாலைகளையும் ஒப்பந்த மீறலையும் விலக்கி வைக்கும் பாலிசிகள் அவற்றில் பல.

ஒப்பந்த மீறல் என்று சொல்லக் காரணமுண்டு. எஃப் என்ற எழுத்தில் தொடங்கும் மலைச் சாலைகளில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் செல்லலாம் என்றாலும், தோர்ஸ்மோர்க்குக்குச் செல்லும் எஃப் 249 சாலையைத் தங்கள் வண்டிகளுக்குத் தடை செய்திருக்கும் நிறுவனங்கள் பல. தடையை மீறினால் மற்றச் சேதங்களுக்கான காப்பும் கைவிட்டுப் போகலாம். ஆகவே முன்பதிவுக்கு முன்பே, இந்த வண்டிக்கு இந்தச் சாலையில் அனுமதி உண்டா, ஆற்றில் நின்றுபோனால் செலவு யாருடையது என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் கிடைக்கும் ‘பரவாயில்லை, போகலாம்’ பின்னால் உதவாது.

காப்பீடு தொடாத ஆபத்தில் உங்களுக்கு நீங்களே காப்பீட்டாளர். அவசரகால நிதியைத் தொடாமல், கடன் வாங்காமல், ஒரு வண்டியின் எஞ்சினுக்கு உரிய பணத்தைத் தர உங்களால் முடியுமா? முடியாதென்றால், தோர்ஸ்மோர்க்கில் குறுக்கிடும் குரோசா ஆற்றை வாடகை வண்டியில் கடக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பனியாறுகள் உருகிப் பாயும் அந்த ஆற்றின் தடம் அடிக்கடி மாறும். கலங்கிய நீரில் அடி தெரியாது. கோடையில் உயரமான சக்கரங்கள் கொண்ட மலைப் பேருந்துகள் அங்கே போகின்றன. அந்தக் கட்டணத்தையே உங்கள் ஆற்றுக் காப்பீட்டுக்கான பிரீமியமாகக் கணக்கில் எழுதுங்கள்.

மலைநாட்டில் நீங்களே ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால், வடக்கிலிருந்து எஃப் 208 வழியாக லாண்ட்மன்னலோய்கர் என்ற மலைப்பகுதிக்குப் போகலாம்; ஆறு குறுக்கிடுவது அங்குள்ள முகாமுக்குச் சற்று முன்னால்தான். வண்டியை இக்கரையிலேயே நிறுத்திவிட்டு நடைபாலத்தில் போய்விடலாம்.

பூஜ்யத் திட்டமே வீண் என்று நான் சொல்லவில்லை. சரளைச் சாலையில் தெறிக்கும் கற்களுக்காகவே அது பயன்படக்கூடும். மணல், எரிமலைச் சாம்பல் புயலுக்கான காப்பு பெரும்பாலும் தனியாக விற்கப்படுவதால் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வைப்புத் தொகைக்காகக் கார்டு வரம்பின் ஒரு பகுதியை முடக்குவார்கள் என்பதால், அன்றாடச் செலவுக்கு வேறொரு கார்டு வைத்திருப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு, பணமும் எழுத்துபூர்வ அனுமதியும் கையில் இருந்து நீங்கள் ஆற்றங்கரையில் நின்றால், காலை வேளையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் பனி உருக உருகப் பிற்பகலில் நீர் ஏறும். உங்களால் நடந்து கடக்க முடியாத இடத்தில் வண்டியை இறக்காதீர்கள். பேருந்துக் கட்டணத்தை முன்கூட்டியே பட்ஜெட்டில் எழுதி வைத்திருந்தால், கரையிலிருந்து வண்டியைத் திருப்புவதற்கு மனம் அவ்வளவாகத் தயங்காது.