ஏப்ரலில் யாழ்ப்பாணம் வருகிறோம். பூத்திருக்கும் மரங்களைப் பார்க்க வாகனத்தில் எந்தப் பக்கம் போகலாம்?

கேட்டவர் ரொறன்ரோவில் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் ஹை பார்க்கில் செர்ரிப் பூ பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவாராம். இந்த முறை சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்கு வருவதால், இங்கேயும் மரங்கள் வரிசையாகப் பூத்து நிற்கிற இடம் இருக்கிறதா, ஒரு வான் பிடித்துச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகச் சுற்றலாம். ஆனால் வரிசையாகப் பூத்து நிற்கிற இடம் என்று ஒன்று இங்கே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பிள்ளைகள் முகத்தைத் தொங்கப் போடக்கூடாது.

ஹை பார்க்கின் மூத்த செர்ரி மரங்கள் 1959இல் தோக்கியோ மக்களின் பெயரால் ரொறன்ரோவுக்குக் கொடுக்கப்பட்டவை. சோமேய் யோஷினோ என்கிற வகை. அதை விதை போட்டு வளர்ப்பதில்லை, ஒட்டுக்கட்டித்தான் பெருக்குகிறார்கள். எத்தனை மரம் நின்றாலும் பிறப்பில் எல்லாம் ஒரே மரம்தான். அதனால்தான் எல்லாம் ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் கொட்டுகின்றன. நம்முடைய வேம்பு காகம் போட்ட விதையில் முளைத்தது, கொன்றை யாரோ எப்போதோ நட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒரே வீதியில் ஒரு கொன்றை மஞ்சளாகக் கொட்டிக்கொண்டிருக்கும், நாலு வளவு தள்ளி இன்னொன்று பச்சையாகவே நிற்கும்.

அடுத்தது, அங்கே குளிர் விலகினால் பூக்கும். இங்கே மண் காய்ந்தால் பூக்கும். யாழ்ப்பாணத்துக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் விழுந்து முடிந்துவிடும். தை கழிந்தால் வெயில்தான். இலையை வைத்திருந்தால் தண்ணீர் போய்விடும் என்பதால் பல மரங்கள் இலையை உதிர்க்கும், உதிர்த்த கையோடு பூக்கும். ஆகவே நாட்காட்டியைப் பார்த்து வருவதைவிட, போன மாரி எப்படி இருந்தது, பங்குனியில் மழை தூறியதா என்று ஊரில் இருக்கிற ஆட்களைக் கேட்டுக்கொண்டு வருவது நல்லது. மாரி பிந்தினால் பூவும் பிந்தும்.

வருடப்பிறப்பு ஏப்ரல் 14ஐ ஒட்டி வரும். அந்த நேரத்துக்கு முள்முருக்கின் சிவப்பு பெரும்பாலும் முடிந்திருக்கும். சீமைக்கிளுவையின் இளஞ்சிவப்புப் பூவும் அப்படித்தான், அவை இரண்டும் மாசி, பங்குனிச் சரக்கு. வேம்பு நல்ல பூவில் இருக்கும். இலுப்பை சில இடங்களில் மிச்சம் இருக்கும். கொன்றை தொடங்கியிருக்கும். மே மலர் என்கிற மயில்கொன்றை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவக்கத் தொடங்கும். பூவரசுக்கும் ஆவரசுக்கும் காலம் நேரம் இல்லை, எப்போது வந்தாலும் கொஞ்சம் பூ இருக்கும்.

இனி எங்கே பார்ப்பது என்பதற்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் பூ பூங்காவில் இருந்ததில்லை, வேலியில்தான் இருந்தது. உங்கள் அம்மாவையோ அம்மம்மாவையோ கேட்டுப் பாருங்கள். கிளுவை, பூவரசு, முருக்கு, இடையில் ஆடாதோடை, இவற்றில் கதியால் என்கிற வேலித்தடி வெட்டி நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டுவார்கள். கதியால் வேர் பிடித்து மரமாகிவிடும். வருடம் ஒருமுறை குழை வெட்டுவார்கள். ஆட்டுக்குப் பாதி, தோட்டத்துக்குப் பசளையாகப் பாதி. ஒழுங்காகக் குழை வெட்டுகிற வீட்டில் முருக்கு அதிகம் பூக்காது, பூக்க விடமாட்டார்கள். கொஞ்சம் சோம்பேறி வீட்டு வேலிதான் அழகாகப் பூக்கும். ஒரே மரத்தில் வெட்டின கதியால்களாக இருந்தால் அந்த வேலி முழுக்க ஒரே கிழமையில் சிவக்கும், அதாவது உங்கள் செர்ரி மரங்களின் கதையேதான்.

இப்போது அந்த வேலிகள் இருந்த இடத்தில் மதில். சீமெந்துக் கல் மதில், மேலே கண்ணாடித்துண்டு, சிலதில் வெளிநாட்டில் இருக்கிற மகன் அனுப்பின காசில் கட்டின சிங்கம்கூட. களவுக்குப் பயந்து கட்டுகிறார்கள், எல்லைச் சண்டை வராமல் இருக்கக் கட்டுகிறார்கள், வேலி அடைக்கக் கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எங்கள் வீட்டின் முன்பக்கமும் மதில்தான். ஆனால் பூ பார்க்க வருகிறவர் மதில் ஏறாத பக்கமாகப் போகவேண்டும் என்பது மட்டும் நிச்சயம். ஆகவே காங்கேசன்துறை வீதியோ பருத்தித்துறை வீதியோ, பெரிய வீதியிலேயே ஓடினால் கடைப் பலகைகளைத்தான் பார்ப்பீர்கள். வானை ஒரு சந்தியில் நிறுத்திவிட்டு ஒழுங்கைக்குள் நடவுங்கள். கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கத்தில் தோட்டங்களுக்கு நடுவே போகிற ஒழுங்கைகள் இன்னமும் பழைய மாதிரி இருக்கின்றன. செம்மண், வெங்காயத் தோட்டம், கிணற்றடியில் ஒரு பூவரசு. பூவரசம்பூ காலையில் மஞ்சளாக விரிந்து அந்திக்குள் செங்கபிலமாகிச் சுருண்டுவிடும். பிள்ளைகளுக்குக் காலையில் காட்டி மாலையில் திரும்பவும் அதே மரத்தைக் காட்டுங்கள். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவதையும் யாராவது சொல்லிக் கொடுக்கட்டும்.

வேம்புக்குத் தனியாகத் தேடி அலைய வேண்டாம், எங்கும் நிற்கிறது. ஆனால் வேப்பம்பூவை அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சின்னப் பூ, வெள்ளை, இலைக்குள் மறைந்துவிடும். கீழே பார்க்கவேண்டும். விடியப்புறம் முற்றத்தில் பொரி சிந்தினமாதிரிக் கிடக்கும். மணம் அதற்கு முன்பே ஒழுங்கை முகப்பில் வந்துவிடும். கசப்பு மரத்துக்கு அப்படியொரு தேன் மணம். சில வீடுகளில் மரத்தின் கீழே பழைய சேலையோ சாக்கோ விரித்திருப்பார்கள். போன பங்குனியில் கனடாவிலிருந்து வந்த என் மைத்துனன் அப்படி ஒரு விரிப்பில் காலை வைத்துவிட்டான். படலைக்குள் நின்ற ஒரு ஆச்சி, “தம்பி, பூவை மிதிச்சுப் போடாதேங்கோ, அது எங்கட வடகம்” என்றார். பூவைக் காயவைத்துப் புடைத்து, ஊறவைத்து அரைத்த உளுந்தோடு சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், சீரகம், உப்பு சேர்த்துக் குழைத்து, வில்லை வில்லையாகத் தட்டி வெயிலில் காயவிடுவார்கள். பொரித்துச் சோற்றோடு சாப்பிட்டால் ஒரு பிடி கூடுதலாக இறங்கும். செர்ரிப் பூவை அங்கே பார்த்துவிட்டு வருகிறீர்கள். இங்கே ஒரு வருடத்துக்கான பூவைப் போத்தலில் போட்டு வைக்கிறார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று யாராவது இதைச் சமாதானம் போலச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். செர்ரி இல்லாததற்குப் பதிலாக வேம்பு இல்லை, வேம்பு வேம்பாகவே இருக்கிறது.

அந்த இலுப்பையையும் பார்த்துவிடுங்கள். பழைய கோயில் வீதிகளிலும் குளக்கரைகளிலும்தான் மிஞ்சி நிற்கிறது. விளக்குக்கு எண்ணெய் தேவைப்பட்டதால் கோயிலடியில் வைத்தார்கள். பூ இராத்திரியில் விரிந்து விடிய உதிரும். தடித்த, இனிப்பான பூ. வௌவாலுக்கு அது விருந்து. ஏழரை மணிக்குப் போனால் கூட்டிப் பெருக்கியிருப்பார்கள், ஆறு மணிக்கே போகவேண்டும்.

நகரத்துக்குள் நேரம் இருந்தால் பழைய பூங்காவை ஒருமுறை எட்டிப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் வடமாகாண அரசாங்க அதிபராக நெடுங்காலம் இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் தன் வாசத்தலத்தைச் சுற்றி உருவாக்கின தோட்டம் அது. பெரிய மரங்கள் நிற்கின்றன. நிழலுக்கு நல்லது, பூவுக்கு நான் அங்கே போவதில்லை.

என்னைக் கேட்டால் முதல் நாளை வலிகாமம் வடக்குக்கு வையுங்கள். தெல்லிப்பழை, மாவிட்டபுரம், கீரிமலை, பிறகு மயிலிட்டி. 1990இல் சனம் இடம்பெயர்ந்து, காணிகள் படையினர் வசம் இருந்து, துண்டு துண்டாக விடுபட்ட பகுதி இது. மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 2017இல்தான் விட்டார்கள். குழை வெட்ட ஆளில்லாமல் நின்ற வேலிக் கதியால்கள் அந்தக் காலத்துக்குள் முழு மரமாகிவிட்டன. கூரையில்லாத வீடு, அதைச் சுற்றி நாலு பக்கமும் நேர்கோட்டில் பெரிய பூவரசுகள். மரத்தின் வரிசையைப் பார்த்தே வளவின் எல்லையைச் சொல்லிவிடலாம். சில வீடுகளில் ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள், மரத்தை அரிந்து மதில் வைக்கிறார்கள், சிலர் மரத்தை விட்டுவைத்து அதன் கீழேயே கதிரை போட்டிருக்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம். ஆளில்லாத வளவுக்குள் பூ பறிக்கவோ படம் எடுக்கவோ இறங்காதீர்கள். பற்றை மூடின, கட்டில்லாத கிணறுகள் உண்டு. முகாம் இருக்கிற பக்கம் கமராவைத் தூக்கவும் வேண்டாம். ஏ9 வீதியால் போனால் முகமாலையில் மிதிவெடிப் பலகைகளைப் பார்ப்பீர்கள், அங்கே தார் வீதியை விட்டு ஓரடிகூட வைக்கக்கூடாது, கரையில் எவ்வளவு பூத்திருந்தாலும் சரி.

மயிலிட்டியிலிருந்து திரும்பி அச்சுவேலியால் தொண்டைமானாறு போகலாம். செல்வச்சந்நிதியில் தல மரமே பூவரசுதான். அன்னதானம் நடந்தால் சாப்பிட்டுவிட்டு, ஆற்றங்கரையில் வெயில் தாழும்வரை இருங்கள்.

வெயில் பற்றிச் சொல்லவேண்டும். ஏப்ரல் முதற்பாதியில் சூரியன் இலங்கைக்கு மேலாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து, வருடப்பிறப்பை ஒட்டி யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். மத்தியானம் உங்கள் நிழல் உங்கள் காலடிக்குள் போய்விடும். காலை ஆறிலிருந்து பத்து, பின்னேரம் நாலரைக்குப் பிறகு, இவ்வளவுதான் பூ பார்க்கிற நேரம். நடுவில் வீட்டில் படுங்கள். வருடப்பிறப்பு அன்று குளிக்கமுன் தலையில் மருத்துநீர் என்கிற மூலிகைத் தண்ணீர் வைக்க, பஞ்சாங்கத்தில் சொன்ன இலையைத் தேடி ஊரே ஓடும், சாரதியும் தன் வீட்டில் நிற்பார். அன்றைக்கு வான் கேட்காதீர்கள்.

இரண்டாவது நாள் கிடைத்தால் தீவுப்பகுதியா பூநகரியா என்று கேட்பார்கள். தீவுப்பகுதி கடலுக்கு நல்லது. பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் பனை, உடைமரம், எருக்கலை, உப்புக் காற்று. பூ குறைவு. நான் பூநகரியைச் சொல்வேன். நாவற்குழியில் திரும்பி ஏ32 வீதியில் விட்டால், 2011இல் திறந்த 288 மீட்டர் நீளச் சங்குப்பிட்டிப் பாலத்தால் கடல்நீரேரியைக் கடந்துவிடலாம். அதற்குப் பிறகு மதில் கிடையாது. முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை என்று மன்னார்ப் பக்கம் போகப்போகக் காடு வீதிக்குக் கிட்ட வரும். கரையெல்லாம் ஆவரசு மஞ்சள். உள்ளே காட்டுக் கொன்றை. நட்டு வளர்த்த கொன்றையைவிட அதில் பூங்கொத்து சிறிது, ஆனால் பின்னால் காய்ந்த காடு சாம்பல் நிறமாக நிற்கும்போது அந்த மஞ்சள் கண்ணைப் பறிக்கும். இரண்டு மூன்று இடத்தில் வானை நிறுத்திப் பாருங்கள். தண்ணீரும் சாப்பாடும் யாழ்ப்பாணத்திலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள், வழியில் கடை குறைவு.

பூ என்றால் பனையையும் சேர்க்கவேண்டும், யாரும் சேர்ப்பதில்லை. அந்தப் பருவத்தில் பாளை சீவுவார்கள். பாளை என்பது பனையின் பூங்கொத்துத்தான். விடிய ஒரு சீவல்காரரிடம் கேட்டால் சுண்ணாம்பு போட்ட கருப்பநீர், அதாவது பதநீர், கிடைக்கும், பிள்ளைகளும் குடிக்கலாம். சுண்ணாம்பு போடாதது கள்ளு, அது பெரியவர்களுக்கு.

தேதியை மாற்ற முடியுமென்றால், வருடப்பிறப்பு முடிந்து சித்திரைக் கடைசி, வைகாசித் தொடக்கம் வரை நில்லுங்கள். கொன்றையும் மயில்கொன்றையும் முழுப் பூவில் வருவது அப்போதுதான், கோயில் திருவிழாக்களும் தொடங்கியிருக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் விடாது என்றால் இருக்கிற நாட்களில் வேம்பைப் பாருங்கள், வடகத்துக்கு இப்போதே யாரிடமாவது சொல்லி வையுங்கள். வெயில் நன்றாக எறித்தால் காய மூன்று நாலு நாளாவது வேண்டும்.