முதல் ஆல்பத்தை மிஞ்சிய இரண்டாவது ஆல்பம் எது?

முதல் ஆல்பத்தில் பெயர் வாங்கிய ராக் குழுக்கள் இரண்டாவதில் சறுக்கிவிடுவதுதான் வழக்கம், அப்படி இல்லாமல் முதலாவதை மிஞ்சிய ஒன்று உண்டா, உங்களுக்கு நெருக்கமானதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. ஜாய் டிவிஷன் குழுவின் 'குளோசர்'. 1980 ஜூலை 18 அன்று வெளிவந்தது. ஒன்பது பாட்டு, முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இங்கிலாந்தில் மான்செஸ்டரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த நான்கு இளைஞர்கள். இயன் கர்டிஸ் பாடகர், பாட்டு எழுதுவதும் அவர்தான். பெர்னார்ட் சம்னர் கிட்டார், பீட்டர் ஹூக் பேஸ் கிட்டார், ஸ்டீபன் மாரிஸ் டிரம்ஸ். 1976 ஜூன் மாதம் மான்செஸ்டரில் நடந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவின் கச்சேரிக்குப் போன சம்னரும் ஹூக்கும், இதை நம்மாலும் செய்ய முடியுமே என்று கிளம்பியதில் தொடங்கிய குழு. பங்க் இசை கோபத்தை வேகமாக வெளியே கொட்டியது. அடுத்து வந்தவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள், இடைவெளி விட்டார்கள், கோபத்தை உள்பக்கம் திருப்பினார்கள். அதைத்தான் போஸ்ட்-பங்க் என்கிறோம். இவர்களுடைய முதல் ஆல்பம் 1979இல் வந்த 'அன்னோன் ப்ளெஷர்ஸ்'. கறுப்புப் பின்னணியில் மலை முகடுகள் போல வெள்ளைக் கோடுகள் உள்ள அதன் அட்டைப்படத்தை யாராவது போட்டிருந்த டி-ஷர்ட்டிலாவது பார்த்திருப்பீர்கள்.

நான் 'குளோசர்' கேட்டது கல்லூரி இரண்டாம் ஆண்டில். லைட் மியூசிக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலில் எதிர் அறை சீனியர் தன் ஹார்ட் டிஸ்கில் இருந்து இதை ஏற்றிக் கொடுத்து, "பேஸை மட்டும் கேளு" என்றார். கேட்டேன். அடியில் நின்று தாங்க வேண்டிய வாத்தியம் மேலே ஏறி மெட்டையே எடுத்துக்கொண்டு போகிறது. கிட்டார் பின்னால் நின்று கீறிக்கொண்டிருக்கிறது. இதற்குக் காரணம் உண்டு. ஆரம்ப நாட்களில் ஹூக்கிடம் இருந்தது மட்டமான ஆம்ப்ளிஃபையர். சம்னரின் கிட்டார் சத்தத்தில் பேஸின் தாழ்ந்த சுரங்கள் காதிலேயே விழாது. தான் வாசிப்பது தனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக மேல் சுரங்களுக்குப் போனார். கர்டிஸுக்கு அது பிடித்துப்போய், அப்படியே வாசிக்கச் சொன்னார். குழுவின் அடையாளமே அதுவாகிவிட்டது.

அந்த வயதில் எனக்கு ஆல்பம் அவ்வளவுதான். ஒரு வருடம் கேட்டும் பாட்டின் சொற்களைக் காதில் வாங்கவில்லை. கர்டிஸுக்கு வலிப்பு நோய் இருந்தது என்று ஒருநாள் படித்தேன். அன்று இரவு முதல் பாட்டில் இருந்து மறுபடி கேட்டேன்.

காரணம் என் தம்பி. ஒன்பது வயதில் அவனுக்கு ஃபிட்ஸ் ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருப்பான், பேச்சு பாதியில் நிற்கும், கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். அடுத்த நொடியே அம்மா அடுப்பங்கரையிலிருந்து பீரோ சாவிக்கொத்தோடு ஓடி வருவாள். இரும்பைக் கையில் திணித்தால் நின்றுவிடும் என்று நம்பிக்கை. அதனால் ஒரு பயனும் இல்லை, ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகும் சாவிக்கொத்து வந்துகொண்டுதான் இருந்தது. அந்த இரண்டு நிமிடம் அம்மாவுக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் அல்லவா? தெளிந்ததும் தம்பி சொல்லும் முதல் வார்த்தை "ஒண்ணுமில்ல". நாங்களும் ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொள்வோம். மறுநாள் ஸ்கூல், டியூஷன், சண்டை எல்லாம் வழக்கம் போல நடக்கும்.

கர்டிஸ் மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊரான மேக்கிள்ஸ்ஃபீல்டில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு வேலை தேடித் தருவது அவர் பொறுப்பு. அங்கே வந்துபோன, வலிப்பு நோய் இருந்த ஓர் இளம்பெண்ணை மனதில் வைத்துத்தான் முதல் ஆல்பத்தில் 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' எழுதினார். 1978 டிசம்பர் கடைசியில் லண்டன் கச்சேரி முடிந்து காரில் ஊர் திரும்பும்போது அவருக்கே வலிப்பு வந்தது. அடுத்த மாதம் நோய் உறுதியானது. அக்கால மாத்திரைகள் வலிப்பைப் பாதி அடக்கி மனதை முழுதாக ஆட்டிவைப்பவை. இரவு முழுக்க விழிப்பு, வேன் பயணம், பளிச்சிடும் விளக்குகள் என்று அவர் எவற்றையெல்லாம் தவிர்க்க வேண்டுமோ, ராக் குழுவின் அன்றாட வாழ்க்கையே அவைதான்.

இந்த நிலையில்தான் 1980 மார்ச் 18 முதல் 30 வரை 'குளோசர்' பதிவானது. இடம் லண்டன் இஸ்லிங்டனில் இருந்த பிரிட்டானியா ரோ, பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழு தங்களுக்காகக் கட்டிக்கொண்ட ஸ்டுடியோ. பதிவையும் ஒலியையும் வடிவமைக்கும் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹேனட், முதல் ஆல்பத்தையும் அவர்தான் செய்தார். மாரிஸுக்கு வயது 22, கர்டிஸுக்கு 23, மற்ற இருவருக்கும் 24.

முதல் பாட்டு 'அட்ராசிட்டி எக்ஸிபிஷன்'. இதில் ஹூக்கும் சம்னரும் வாத்தியங்களை மாற்றிக்கொண்டார்கள். ஹூக் கையில் கிட்டார், சம்னர் கையில் பேஸ். பழகாத கையில் கிட்டார் அறுத்துக்கொண்டு அலறுகிறது. ஹேனட் அதை எலக்ட்ரானிக் கருவிக்குள் விட்டு இன்னும் உருக்குலைத்துவிட்டார். பாட்டையே கொன்றுவிட்டார் என்று ஹூக்குக்குப் பல வருடம் வருத்தம். நான் ஹேனட் பக்கம்தான் நிற்பேன். மனநோய் விடுதிக்குள் காசு கொடுத்து வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தைப் பற்றிய பாட்டு அது. ஒருவன் உடல் முறுக்கிக்கொள்வதை அவர்கள் பார்க்கிறார்கள். தான் இன்னும் இருக்கிறேன் என்று அவன் கண்களுக்குப் பின்னால் இருந்து சொல்கிறான். அழகான கிட்டாரை வைத்து இதை எப்படி வாசிப்பது? மாரிஸின் டிரம்ஸ் நிற்காமல் சுழன்று சுழன்று வருகிறது, ஆறு நிமிடமும் அதே வட்டம். தம்பியைச் சுற்றித் தெருவில் ஒருமுறை கூட்டம் கூடியபோது நான் கண்ட முகங்கள் எல்லாம் எனக்கு அதில் தெரிந்தன.

பதிவு முடிந்து ஐந்தாவது நாள், ஏப்ரல் 4, லண்டன் ரெயின்போ அரங்கில் ஜாய் டிவிஷன் கச்சேரி. மேடை விளக்குகள் பளிச் பளிச்சென்று வெட்டின. கர்டிஸுக்கு வலிப்பு வந்து டிரம்ஸ் மேலேயே போய் விழுந்தார். ஏற்கெனவே அவர் ஆட்டம் கையும் காலும் வெட்டி இழுப்பது போலத்தான் இருக்கும். பார்த்தவர்களில் பலர் இதையும் நிகழ்ச்சியின் பகுதி என்றே நினைத்தார்கள். அன்று இரவே அவர் இன்னொரு இடத்தில் பாடப் போனார். மே 18 அன்று, அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டியதற்கு முந்தைய நாள், மேக்கிள்ஸ்ஃபீல்டு வீட்டில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆல்பம் வெளிவர அப்போது இரண்டு மாதம் இருந்தது.

அட்டைப்படத்தில் இருப்பது இத்தாலியின் ஜெனோவா நகரில், ஸ்டாலியெனோ கல்லறைத் தோட்டத்தில் உள்ள அப்பியானி குடும்பக் கல்லறைச் சிற்பம். கிடத்தப்பட்ட உடல், சுற்றிலும் துவண்டு கிடக்கும் உருவங்கள். பெர்னார்ட் பியர் உல்ஃப் எடுத்த புகைப்படம் அது. வடிவமைப்பாளர் பீட்டர் சேவில் காட்டிய படங்களில் இருந்து கர்டிஸ் உயிரோடு இருக்கும்போதே குழு தேர்ந்தெடுத்தது. சாவுச் செய்தி வந்ததும் சேவிலே பதறிப்போனார், அட்டையில் கல்லறை இருக்கிறதே என்று. அந்த அட்டையையும் செய்தியையும் சேர்த்துப் பார்த்த உலகம், அன்று முதல் இந்த ஆல்பத்தை ஒரு மரண ஓலையாகவே கேட்டு வருகிறது.

எனக்கு இதில்தான் மனத்தாங்கல். பதின்மூன்று நாள் நான்கு பேரும் ஹேனட்டும் இரவு இரவாக உட்கார்ந்து உருவாக்கிய வேலை இது. 'ஹார்ட் அண்ட் சோல்' எடுத்துக்கொள்ளுங்கள். சம்னர் சிந்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டுக்குப் போய்விட, கிட்டாரைக் கர்டிஸே வாசிக்கிறார். பேஸும் டிரம்ஸும் மூச்சுவிடுவது போல ஒரே சீராக நடக்க, குரல் பக்கத்து அறையில் இருந்து வருவது போல வருகிறது. சாகப்போகிறவனின் புலம்பல் என்றா இதைச் சொல்வது? எந்த இடத்தில் ஒலி வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் செய்த காரியம் இது. முதல் ஆல்பத்தில் இந்தத் தெளிவு ஹேனட்டிடம் மட்டும் இருந்தது. டிரம்ஸைத் துண்டு துண்டாகப் பிரித்து அவர் பதிவு செய்ததும், எங்கள் மேடைச் சத்தம் எங்கே என்று சம்னரும் ஹூக்கும் மனம் குமுறியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. இரண்டாவதில் பாட்டை உருவாக்கும்போதே அவர்கள் இடம்விட்டு உருவாக்கியிருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

'தி இட்டர்னல்' பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெதுவான பியானோ, பின்னால் பூச்சிகள் இரைவது போல ஓர் ஒலி, சவ ஊர்வலம் ஒன்று கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன். கர்டிஸ் சிறுவனாக இருந்த தெருவில் டௌன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பையன் இருந்தானாம். வீட்டுத் தோட்டத்தைத் தாண்டி அவன் வெளியே வந்ததே இல்லை. பல வருடம் கழித்துக் கர்டிஸ் அந்தப் பக்கம் போனபோதும் அதே தோட்டத்தில் அப்படியே இருந்தான். அவனை வைத்து எழுதியது என்று சம்னர் சொல்லியிருக்கிறார். எழுதியவரின் கண் தன்மேல் மட்டும் இருக்கவில்லை என்பதற்கு இந்த ஒரு பாட்டுப் போதும்.

கூட இருந்த மூவருக்கும் எப்படித் தெரியாமல் போனது என்று பலர் கேட்கிறார்கள், கொஞ்சம் குற்றம்சாட்டும் தொனியில். பாட்டின் சொற்களை நாங்கள் கவனிக்கவே இல்லை, அவரவர் வாத்தியத்தில் இருந்தோம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கர்டிஸும் ஒவ்வொரு முறையும் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லியிருக்கிறார். நான் அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் நான்கு பேர், ஒரே கூரை, "ஒண்ணுமில்ல" என்று தம்பி சொன்னதை எத்தனை வருடம் நம்பியிருக்கிறோம்! பத்தாம் வகுப்பில் ஒருநாள்தான், ஸ்கூலில் எல்லோருக்கும் முன்னால் விழுந்துவிடுவேனோ என்று தினமும் பயந்துகொண்டே போகிறேன் அண்ணா என்றான்.

கேட்க நினைப்பவர்கள் ஹெட்ஃபோன் போட்டு, பிற்பாதியில் இருந்து தொடங்குங்கள். 'ஹார்ட் அண்ட் சோல்' முதல் 'டெகேட்ஸ்' வரை நான்கு பாட்டு, நடுவில் நிறுத்தாமல். 'ட்வென்ட்டி ஃபோர் அவர்ஸ்' மெதுவாக ஆரம்பித்துத் திடீரென்று பாய்ந்து, மறுபடி அடங்கும். அதில் ஹூக்கின் பேஸை மட்டும் ஒருமுறை தொடர்ந்து போய்ப் பாருங்கள். அப்புறம் முற்பாதிக்கு வாருங்கள். 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' இந்த ஆல்பத்தில் இல்லை, அது தனி சிங்கிளாக வந்தது. மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் மட்டும் இதைத் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டாம், பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

தம்பிக்கு இப்போது 27 வயது. மாத்திரை மாற்றிய பிறகு நான்கு வருடமாக ஃபிட்ஸ் இல்லை. அவனுக்குப் பிடித்தது 'ஐசொலேஷன்'. எலக்ட்ரானிக் டிரம்ஸும் சிந்தசைசரும் விரட்டிக்கொண்டு போகும், எழுந்து ஆடலாம் போல இருக்கும் பாட்டு. போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது மொட்டை மாடியில் ஆளுக்கொரு காதில் இயர்ஃபோனை வைத்துக் கேட்டோம். கையில் இருந்த டம்ளரில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவன், நடுவில் ஏதோ மதர் என்கிறானே, என்ன சொல்கிறான் என்று கேட்டான். என்னால் முடிந்தவரை முயன்றேன், நம்பு அம்மா என்கிறான் என்றேன். தாளம் நின்றது. கீழே அம்மா மிக்ஸி ஓட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கும் வரை பேசாமல் இருந்துவிட்டு, முதலில் இருந்து வை என்றான்.