சீசன் ஃபினாலேக்கு முந்தின எபிசோட் பாத்துட்டு ரசிகர்கள் மொத்தமா கொந்தளிச்ச சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரிஸ் எது? அந்தக் கொந்தளிப்பு நியாயமா?

என்னைக் கேட்டா டாக்டர் ஹூ தான், யோசிக்கவே வேணாம். நாலாவது சீசன், 12வது எபிசோட், பேரு தி ஸ்டோலன் எர்த். 2008 ஜூன் 28 சனிக்கிழமை பிபிசி ஒன்ல வந்தது. ஃபினாலே ஜர்னீஸ் எண்ட், அடுத்த சனிக்கிழமை ஜூலை 5. நடுவுல இருந்த அந்த ஒரு வாரத்தப் பத்திதான் சொல்லப் போறேன். ஸ்பாய்லர் முழுசா இருக்கு, 2008ல வந்த எபிசோடுக்கு இதுக்கு மேல பொத்திப் பொத்தி வைக்க முடியாதுங்க, இன்னும் பாக்காதவங்க இங்கயே கழண்டுக்கலாம்.

சீரிஸ் பாக்காதவங்களுக்கு சுருக்கமா. டாக்டர்னு ஒரு ஆளு, வேற கிரகத்துக்காரர், டார்டிஸ்ங்கற நீலக் கலர் போலீஸ் பாக்ஸ்ல காலம் இடம்னு சுத்திட்டு இருப்பாரு. சாகற நிலைமை வந்தா உடம்பே மாறி வேற ஆளா ஆயிடுவாரு, அதுக்குப் பேரு ரீஜெனரேஷன். 1966ல முத டாக்டரா நடிச்ச வில்லியம் ஹார்ட்னெல் தொடர்ந்து நடிக்க முடியாம போனப்போ சீரிஸ நிறுத்தாம இருக்க கண்டுபிடிச்ச வழி இது, அதனாலதான் 1963ல ஆரம்பிச்ச சீரிஸ் இன்னும் உயிரோட இருக்கு. 2008ல பத்தாவது டாக்டர் டேவிட் டென்னன்ட், ஊரே தலைல தூக்கி வச்சு ஆடின டாக்டர்.

இதுல ஒரு விஷயம் இருக்கு. ரீஜெனரேஷன்ங்கறது கதைக்குள்ள பெரிய அதிர்ச்சி, ஆனா நிஜத்துல ரசிகனுக்கு எப்பவுமே முன்னாடியே தெரிஞ்சு போயிடும், ஏன்னா நடிகர் விலகறாருன்னு நியூஸ் வரும், புது ஆளு யாருன்னு நியூஸ் வரும், அப்புறம்தான் சீன் வரும். 2005ல சீரிஸ் திரும்ப ஆரம்பிச்சப்போ இன்னும் மோசம், முத எபிசோட் வந்து நாலஞ்சு நாள்லயே கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் ஒரே சீசனோட போறாருன்னு வெளிய வந்துடுச்சு, அதனால அந்த சீசன் கடைசில அவர் டென்னன்ட்டா மாறினப்போ யாருக்கும் பெருசா ஆச்சரியம் இல்ல. அதாவது ரசிகர்களுக்கு ஒரு கணக்கு பழகிப் போச்சு. நியூஸ் வரலையா, அப்போ மாறப் போறதில்ல.

அந்தக் கணக்கத்தான் ஸ்டோலன் எர்த் ஒடச்சுது.

எபிசோடே ஒரு கல்யாண வீடு மாதிரி கூட்டம். சீரிஸோட தலைமை எழுத்தாளர் ரஸல் டி டேவிஸ் நாலு வருஷமா சேத்து வச்ச டாக்டரோட கூட்டாளிங்க எல்லாரையும் எறக்கிட்டாரு, ரோஸ், மார்த்தா, கேப்டன் ஜாக், பழைய காலத்து சாரா ஜேன், கூட இந்த சீசனோட டோனா. டாக்டரோட பரம எதிரிகளான டாலெக்குங்க பூமியோட சேத்து 27 கிரகங்கள களவாண்டு ஒரு எடத்துல ஒளிச்சு வச்சிருக்குங்க, பின்னாடி அதுங்கள உருவாக்கின டேவ்ராஸ், 1988க்கு அப்புறம் டிவி கதைல முத தடவையா வர்றாரு. டாலெக் குரல் எக்ஸ்டர்மினேட் எக்ஸ்டர்மினேட்னு ரேடியோ வழியா வர்றப்போ சாரா ஜேன் பையனக் கட்டிப் பிடிச்சுப்பாங்க, எவ்வளவு பெரிய சண்டைக்கும் சிரிக்கற ஜாக் அவ்வளவுதான் நம்ம கதைங்கற மாதிரி நிப்பான். பாக்கறவனுக்கு அப்பவே வயித்தக் கலக்கும்.

இப்போ அந்தக் கடைசி சீன். ராத்திரி, ஆளில்லாத தெரு, அங்கங்க நின்னு போன கார்கள். டோனாதான் முதல்ல பாக்கறா, டாக்டர் கிட்ட திரும்பிப் பாருன்னு சொல்லாம சொல்றா. அவர் திரும்பினா தெருவோட அந்தக் கோடில ரோஸ், கைல பெரிய துப்பாக்கியோட. ரெண்டு சீசனுக்கு முன்னாடி வேற ஒரு உலகத்துல மாட்டிக்கிட்டு, இனிமே பாக்கவே முடியாதுன்னு கடற்கரைல அழுது பிரிஞ்ச பொண்ணு. ரெண்டு பேரும் ஓடி வர்றாங்க, மியூசிக் ஏறுது, சினிமா பாத்து வளந்த எவனுக்கும் அடுத்து என்னன்னு தெரியும், கட்டிப் பிடிக்கணும். பக்கவாட்டுல இருந்து ஒரு டாலெக் வந்து சுட்டுடுது. முழுசா கூட படல, ஓரமா. டாக்டர் விழுந்துடறாரு. ஜாக் வந்து டாலெக்க ஒடைக்கறான், மூணு பேருமா அவர டார்டிஸுக்குள்ள இழுத்துட்டுப் போறாங்க.

அங்க மூணு மூஞ்சியப் பாருங்க. ரோஸுக்குத் தெரியும், 2005ல இதே டார்டிஸுக்குள்ள கண்ணு முன்னாடி பாத்தவ. ஜாக்குக்கும் தெரியும். டோனாவுக்கு மட்டும் என்ன நடக்குதுன்னே புரியல, அவ மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கா, மத்த ரெண்டு பேரும் அவளப் புடிச்சு பின்னாடி இழுக்கறாங்க. கையில இருந்து தங்கக் கலர்ல வெளிச்சம் வருது, மூஞ்சில இருந்து பீறிட்டு அடிக்குது, கட். தொடரும். வழக்கமா வர்ற அடுத்த வார டிரெய்லர் கூட கிடையாது.

அவ்வளவுதான், பிரிட்டன்ல ரசிகர் கூட்டத்துக்குத் தூக்கம் போச்சு. ஏன்னா நியூஸ் எதுவும் வரல. டென்னன்ட் போறாருன்னு யாரும் சொல்லல. ஆனா சந்தேகப்பட எல்லாமே இருந்துச்சு, அதுதான் வேடிக்கை. 2009ல முழு சீசன் கிடையாது, சும்மா ஸ்பெஷல் எபிசோடுகள்தான்னு பிபிசி முந்தின வருஷமே சொல்லியாச்சு. டென்னன்ட் அந்த கோடைல ஸ்ட்ராட்ஃபோர்டுல ஹாம்லெட் நாடகம் நடிக்கப் போறாரு. அந்த வருஷ கிறிஸ்துமஸ் ஸ்பெஷல் ஷூட்டிங் ஏப்ரல்லயே க்ளாஸ்டர் ஊர்ல நடந்து படங்கள் வெளிய வந்துருந்துச்சு, அதுல டென்னன்ட் இருக்காரு, அப்பாடான்னு ஒரு கோஷ்டி, ஆனா அதே படங்கள்ல டேவிட் மோரிஸ்ஸின்னு இன்னொரு நடிகர் பழைய காலத்து கோட்டு போட்டு அச்சு அசல் டாக்டர் மாதிரியே நிக்கறாரு, அப்போ இவர்தான்யா புது டாக்டர்னு இன்னொரு கோஷ்டி. ஒரே போட்டோ, ரெண்டு கட்சிக்கும் ஆதாரம்.

மூணாவது கோஷ்டி ஒண்ணு இருந்துச்சு, எனக்கு ரொம்பப் புடிச்சது அவங்கதான், கைய ஞாபகம் வச்சிருந்தவங்க. 2005 கிறிஸ்துமஸ் எபிசோட்ல ஒரு வாள் சண்டைல டாக்டரோட கை வெட்டுப்படும், புதுசா மாறின உடம்புங்கறதால உடனே இன்னொரு கை முளைச்சுடும். அந்த வெட்டுப்பட்ட கைய ஜாக் ஒரு ஜாடில போட்டு வச்சிருப்பான், 2007ல அது டார்டிஸுக்குள்ள வந்துடும், அப்புறம் வருஷம் பூரா அங்கயே ஒரு ஓரமா கொதிச்சுக்கிட்டு கெடக்கும். இத்தன நாள் ஒரு கைய எதுக்கு வச்சிருக்கணும்? அந்தக் கையாலதான் ஏதோ நடக்கப் போவுதுன்னு சொன்னவங்கதான் ஜெயிச்சாங்க.

ஃபினாலேல முத சில நிமிஷத்துலயே ஆட்டம் க்ளோஸ். ரீஜெனரேஷன் சக்தில காயம் ஆறுற அளவுக்கு எடுத்துக்கிட்டு மிச்சத்த அந்த ஜாடிக் கைக்குள்ள தள்ளி விட்டுடறாரு, அதே மூஞ்சி, அதே ஆளு, எழுந்து உக்காந்து என்ன எல்லாரும் இப்படிப் பாக்கறீங்கங்கற மாதிரி ஒரு பார்வை. ஏமாத்திட்டாங்கன்னு ஒரு பெரிய சத்தம் கெளம்புச்சு. ஒரு வாரம் உயிர வாங்கிட்டு ரெண்டு நிமிஷத்துல ஒண்ணுமில்லன்னு சொன்னா கோவம் வரத்தானே செய்யும். நம்பர் வேற மாதிரி பேசுச்சு, ஸ்டோலன் எர்த்த பாத்தவங்க 87 லட்சத்துக்கும் மேல, ஃபினாலேக்கு 1 கோடியே 5 லட்சம் தாண்டிடுச்சு, அந்த வாரம் பிரிட்டன்லயே அதிகம் பேர் பாத்த நிகழ்ச்சி அதுதான், 45 வருஷ வரலாற்றுல டாக்டர் ஹூ முதலிடத்துக்கு வந்தது அப்பதான் முத தடவ. ஒரு வாரத்துல கிட்டத்தட்ட 18 லட்சம் பேர் கூடியிருக்காங்க.

இப்போ ரெண்டாவது கேள்வி, கோவம் நியாயமான்னு. ஏமாத்திட்டாங்கங்கற கோவம் நியாயம் இல்லன்னுதான் நான் சொல்லுவேன். கை திடீர்னு வானத்துல இருந்து குதிக்கல, மூணு வருஷமா கண்ணு முன்னாடி இருந்துச்சு. பாத்தவங்க கண்டுபிடிச்சாங்க. நியாயமான புதிர்னா இதுதான். அதோட நிக்கல, அந்தக் கைதான் ஃபினாலேக்கே அச்சாணி, டோனா அதத் தொடறா, அதுல இருந்து மனுஷ உடம்போட இன்னொரு டாக்டர் முளைக்கறாரு, டாக்டரோட மூளை டோனாவுக்குள்ள போயிடுது, அவதான் டாலெக்குங்கள மொத்தமா முடக்கறா. அப்போ அந்த க்ளிஃப்ஹேங்கர் வெறும் பூச்சாண்டின்னு எப்படி சொல்றது, கதையோட முத அடியே அதுதானே.

ஆனா கோவப்பட வேண்டிய எடம் வேற ஒண்ணு இருந்துச்சு, அந்த ஒரு வாரம் பெரும்பாலான கூட்டம் அதப் பாக்கவே இல்ல. குறிப்பு எல்லாம் இருந்துச்சுங்க. சீசன் ஆரம்பத்துலயே பழைய ரோமானிய ஊரான பொம்பேய்ல (Pompeii) ஒரு ஜோசியக்காரன் டோனாவப் பாத்து உன் முதுகுல ஏதோ இருக்குன்னு சொல்லுவான். ஊட்ங்கற ஜீவன்கள் டாக்டர்டோனான்னு ரெண்டு பேரையும் சேத்து ஒரே பேரா கூப்பிடும். ஸ்டோலன் எர்த்துலயே நடுவுல டோனாவுக்கு மட்டும் ஒரு இதயத் துடிப்பு கேக்கும், யாரும் விளக்க மாட்டாங்க. ரொம்ப விசுவாசமான துணைக்கு மரணம்னு பைத்தியம் புடிச்ச டாலெக் கான் பாடிக்கிட்டே இருக்கும். இதுல மரணம் யாருக்குன்னு கொஞ்சம் பேர் பேசினாங்கதான், ரோஸா, சாரா ஜேனா, கே நைன்ங்கற ரோபோ நாயான்னு, ஆனா டென்னன்ட் போறாரா இல்லையாங்கற சத்தத்துல அது அமுங்கிப் போச்சு.

நடந்தது என்ன? டாக்டருக்கு ஒண்ணும் ஆகல. ரோஸுக்கு மனுஷ டாக்டர் கெடச்சாச்சு. டோனாவோட மூளை டாக்டரோட மூளையத் தாங்காது, எரிஞ்சுடும், அதனால அவளோட ஞாபகத்த அழிக்கணும். அவ வேணாம் வேணாம்னு கெஞ்சறா, திரும்ப அந்தப் பழைய வாழ்க்கைக்கு அனுப்பாதன்னு அழறா. அவர் கேக்கல, அழிச்சுடறாரு. அப்புறம் வீட்டுல கொண்டு விட்டுட்டுப் போறப்போ அவ ஃபோன்ல யார்கிட்டயோ வளவளன்னு பேசிட்டு இருக்கா, இவர் போயிட்டு வரேன்னு சொல்றத சரியா கூட கவனிக்கல, யாரோ வீட்டுக்கு வந்த ஆளு. வெளிய மழை. தாத்தா வில்ஃப் மட்டும் தெனம் ராத்திரி வானத்தப் பாப்பேன்னு சொல்லி வழியனுப்பறாரு. கேத்தரின் டேட் காமெடி நடிகை, இந்தப் பொண்ணு எதுக்குன்னு சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மொணகின ஆளுங்கதான் கடைசில இதப் பாத்துட்டு மூக்க உறிஞ்சினது.

சம்மதம் இல்லாம ஒருத்தியோட ஞாபகத்த அழிக்கறது சரியான்னு இப்பவும் ரசிகர்கள் அடிச்சுக்கறாங்க, எனக்கு அது சரியில்லதான், உயிரக் காப்பாத்தத்தான்னு எவ்வளவு சொன்னாலும். அந்த வாரம் எல்லாரையும் வேற கேள்விக்கு அனுப்பி வச்சதுதான் டேவிஸோட கெட்டிக்காரத்தனம். ஃபினாலேக்கு முந்தின எபிசோடோட வேலையே அதுதான்னு நெனைக்கறேன், ஒரு பெரிய கேள்விய கைல குடுத்து அதயே பாக்க வச்சுட்டு பக்கத்துல வேற ஒண்ண அறுக்கறது. நான் ரொம்ப வருஷம் கழிச்சு ஃப்ரெண்டோட ஹார்ட் டிஸ்க்ல பாத்தவன், வெளிச்சம் அடிச்சு கட் ஆச்சு, நெக்ஸ்ட் அமுக்கினேன், கை, சரி, அப்புறம்னு போயிட்டேன். எனக்கு டோனா முடிவு வலிச்சுது, ஆனா ஒரு வாரம் தப்பான எடத்தப் பாத்துக் காத்திருந்து அப்புறம் அடி வாங்கினவங்களுக்கு வலிச்ச மாதிரி இருந்திருக்காது.

இன்னொரு கொசுறு. டென்னன்ட் நிஜமாவே விலகறேன்னு அறிவிச்சது அதே வருஷம் அக்டோபர் 29. மோரிஸ்ஸி கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்ல வந்தாரு, தன்னையே டாக்டர்னு நம்பிக்கிட்டு இருக்கற ஒரு சாதாரண மனுஷனா, சந்தேகப்பட்ட கோஷ்டிக்கு அதுவும் ஒரு கிண்டல். அந்தக் கை வழியா தப்பிச்சது கணக்குல வருமா வராதான்னு ரசிகர்கள் அஞ்சு வருஷம் சண்ட போட்டாங்க, ஏன்னா மொத்தம் 12 தடவதான் மாற முடியும்னு 1976லயே ஒரு கதைல சொல்லி வச்சிருக்காங்க. 2013 கிறிஸ்துமஸ்ல, டென்னன்ட்டுக்கு அடுத்த டாக்டரான மேட் ஸ்மித்தோட கடைசி எபிசோட்ல பதில் வந்துச்சு, வரும், அதுவும் ஒண்ணுன்னு கணக்கு, அப்போ எனக்குக் கொஞ்சம் அழகு மேல ஆசை இருந்துச்சுங்கற மாதிரி அவரே சமாளிப்பாரு.

டோனாவுக்கு ஞாபகம் திரும்ப வந்தது 2023 நவம்பர்ல, அதே டேட், அதே டென்னன்ட், எழுதினது அதே டேவிஸ். அந்த முடிவு எனக்கு முழுசா ஒத்துக்கல, ஆனா அது தனிப் பஞ்சாயத்து, யாராச்சும் தனியா கேள்வி போட்டா வந்து எழுதறேன்.