குடிமராமத்தும் ஒரு விரால் மீனும்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். சென்னையில் வேலை. நண்பர்கள் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்கி, ஜேசிபி வைத்து ஊர்க் குளத்தைத் தூர்வாரினோம். கரையில் இருநூறு மரக்கன்றும் நட்டோம். முதல் ஞாயிறு ஊரே வந்தது, இப்போது நாங்கள் நான்கு பேர்தான். நூறு நாள் வேலையில் மரத்தடியில் உட்காருகிறவர்கள் சொந்தக் குளத்துக்கு ஒரு மணி நேரம் தர மாட்டேன் என்கிறார்கள். குளம், வாய்க்காலை ஊராரே கூடிச் செப்பனிடும் குடிமராமத்து செய்த சமுதாயம் ஏன் இப்படி ஆனது? நெகிழிப் பைக்குத் தடை, பாரம்பரிய நெல் என்று இன்னும் திட்டங்கள் இருக்கின்றன. வழி சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள தம்பி,

நெகிழிப் பை கிடக்கட்டும். நெல்லுக்கு ஆதிரெங்கம் உங்களுக்குப் பக்கம்தான். பாரம்பரிய நெல்லைத் தேடிக் காத்த நெல் ஜெயராமன் இரண்டு கிலோ விதை கொடுத்து, விளைந்ததும் நாலு கிலோவாகத் திருப்பிக் கேட்ட ஊர். போய்ப் பாருங்கள்.

என்னை எழுத உட்கார வைத்தது குடிமராமத்து என்ற சொல். கொஞ்ச நாளாகவே அது எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது. 1858-ல் வெள்ளைக்காரன் அதற்குப் போட்ட சட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? கட்டாய உழைப்புச் சட்டம். ஊரே மனமுவந்து மண்வெட்டியோடு வந்தது என்றால் கட்டாயம் எதற்கு?

எங்கள் ஊரில் வேலிக்கு இத்தனை ஆள் என்று கணக்கு. வேலி என்றால் இருபது மா, ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. தாத்தாவுக்கு மூன்று வேலி. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள், அதற்கு முன் வைகாசி வெயிலில் வாய்க்கால் வெட்டு. தாத்தா கரையில் கறுப்புக் குடையோடு உட்கார்ந்திருப்பார். இடுப்பளவுச் சேற்றில் நின்று நெய்வேலிக் காட்டாமணக்கை வேரோடு பிடுங்கியவர்கள் தெருவுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-லேயே வந்துவிட்டது, ஆனால் எழுபதுகளில்கூடக் குடை மட்டும் கரையிலேயே இருந்தது. ஊர்க் கணக்கில் 'நம்ம வீட்டு வேலை முடிந்தது' என்று எழுதுவார்கள். குடி நாங்கள், மராமத்து அவர்கள்.

ஒரு நாள் சேற்றுக்குள் விரால் ஒன்று சிக்கியது, முழங்கை நீளம். பிடித்தவர் அதன் செவுளில் கோரைத்தாளைக் கோத்துப் பத்திரமாகக் கரையில் வைத்தார். தாத்தா எதுவும் சொல்லவில்லை, கையை மட்டும் நீட்டினார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் விரால் குழம்பு. நான் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். எட்டு வயது. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்பதுதான் எனக்குக் கூச்சம்.

இப்போது உங்களிடம் வருகிறேன். மரத்தடியில் உட்காருகிறார்கள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது தம்பி? உங்கள் ஊர் வாய்க்காலில் இன்று தண்ணீர் ஓடுகிறதென்றால் அதில் பாதி அந்த நூறு நாள் வேலைப் பெண்கள் வெட்டியது. கூலி வாங்கி வெட்டினால் சோம்பேறி, கூலி வாங்காமல் படம் எடுத்துப் போட்டால் சேவையா? வாரம் முழுக்கக் குனிந்தவர்களை ஞாயிற்றுக்கிழமையும் குனியச் சொல்கிறீர்கள். எந்தக் கரையில் என்ன மரம், படித்துறை எங்கே, ஜேசிபி எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று முடிவு செய்த குழுவில் அவர்களில் ஒருவராவது இருந்தாரா? இல்லையென்றே நினைக்கிறேன்.

கோபத்தில் கூடுதலாகச் சொல்லியிருப்பேன். சம்பளப் பணத்தில் குளம் வெட்டுகிற பிள்ளையைத் திட்ட எனக்கு யோக்கியதை குறைவுதான், நான் எங்கள் வாய்க்காலில் இறங்கியே பல வருஷம் ஆகிறது. மரக்கன்றைக் கேட்டிருந்தீர்கள் அல்லவா, இல்லை, கேட்கவில்லை. சரி, ஆட்டிடமிருந்து காப்பாற்ற முள் வையுங்கள்.

அப்புறம் ஒன்று. தூர்வாரிய குளத்தில் மீன் வளரும். அந்த மீன்பாசிக் குத்தகையை இந்த வருஷம் யார் ஏலம் எடுத்தார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. விசாரித்து எழுதுங்கள்.